வண்டிக்குள் எழுதியதைத் தாளிலும் எழுதுங்கள்

மதுரையில் கார் சர்வீஸ் சென்டர் நடத்தும் பெரியவர்களுக்கும், அங்கே முன்மேசையில் உட்கார்ந்து, வண்டிக்கு என்னென்ன வேலை என்று குறிக்கும் ஜாப் கார்டை எழுதும் தம்பி தங்கைகளுக்கும், உங்கள் எல்லோருக்கும் மேலே இருக்கும் கார் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவினருக்கும்,

வணக்கம்.

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் மனைவி எங்கள் காரை வீட்டிலிருந்து வெளியே எடுத்தார். கேட்டின் ஒரு கதவை நான் திறந்துவிட்டு, அடுத்த கதவின் கொண்டியை எடுக்கக் குனிந்திருந்தேன். திடீரென்று வண்டி முன்னால் பாய்ந்து வந்து அந்த இரும்புக் கதவில் இடித்து நின்றது. எப்படி விலகினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் நான், சட்டென்று ஒதுங்க வராது. கேட்டின் கீழ்ச்சட்டம் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. பம்பரில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. தெருவில், கேட்டிலிருந்து நாலடி தள்ளி, எதிர்வீட்டுப் பெண் குழந்தை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்கு ஏழு வயது.

என் மனைவி அதே வண்டியை ஆறு வருஷமாக ஓட்டுகிறார். அதே இடம், அதே கேட். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் அழுததை நான் எளிதில் மறக்க மாட்டேன். "எனக்கு வயசாயிருச்சு, இனிமே நான் வண்டியைத் தொட மாட்டேன்" என்றார். தன் மேல்தான் தப்பு என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பு இல்லை என்று திங்கட்கிழமைதான் எங்களுக்குத் தெரிந்தது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை வண்டியைச் சர்வீசுக்கு விட்டிருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் ஆள் ஒருவர் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். பில்லில் நாலு வரி இருந்தது: ஜெனரல் சர்வீஸ், ஏசி ஃபில்டர், வீல் அலைன்மென்ட், வாட்டர் வாஷ். ஐந்தாவதாக ஒன்று நடந்திருந்தது. கியர்பாக்ஸை நடத்தும் கம்ப்யூட்டரில் பழைய சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றியிருந்தார்கள். அது பில்லிலும் இல்லை, ஜாப் கார்டிலும் இல்லை. வண்டியை விட்டுவிட்டுப் போனவருக்கும் தெரியவில்லை.

எந்தக் கம்பெனி, எந்த சென்டர் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒருவரைக் குறிவைத்து எழுதினால் மற்றவர்கள் எல்லாம் நமக்கில்லை என்று மடித்து வைத்துவிடுவார்கள். விசாரித்துப் பார்த்ததில் எங்கள் தெருவிலேயே வேறு வேறு கம்பெனி வண்டி வைத்திருக்கும் மூன்று பேர் இதே கதையைச் சொன்னார்கள்.

எங்கள் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 2018-ல் எனக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. கிளட்ச் மிதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். மதுரைக்குள் கிளட்ச் மிதிக்காமல் எங்கே ஓட்டுவது? பழங்காநத்தத்திலிருந்து சிம்மக்கல் போய்ச் சேருவதற்குள் எத்தனை முறை மிதிக்க வேண்டும் என்று இந்த ஊரில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அதனால் 2019-ல், கிளட்ச் மிதிக்க வேண்டாத, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி கியர் உள்ள சின்னக் கார் ஒன்றை வாங்கினோம். 2014-ல் மாருதியின் செலேரியோவில் இந்த ஏஎம்டி குறைந்த விலைக்கு வந்தது. அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாகக் கொண்டுவந்தார்கள். என்னைப் போன்றவர்கள் மறுபடி கார் ஓட்ட முடிந்தது அதனால்தான். இடது கால் முடியாதவர்கள், இளம்பிள்ளை வாதம் வந்தவர்கள், வயதான பெண்கள் எத்தனையோ பேர் இன்றைக்கு யார் துணையும் இல்லாமல் ஓட்டுகிறார்கள். இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எனக்கு நன்றி உண்டு. அதையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

ஆனால் எங்கள் வண்டிக்கு முதல் வருஷத்திலிருந்தே இரண்டு குறை இருந்தது. ஒன்று, பிரேக்கை விட்டால் வண்டி உடனே நகராது. ஒன்றரை விநாடி யோசிக்கும். டி.வி.எஸ். நகர் ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் வண்டி நின்று நாமும் நிற்க நேர்ந்தால், மறுபடி கிளம்புவதற்குள் ஓரடி பின்னால் இறங்கும். பின்னால் ஷேர் ஆட்டோ ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் நானும் என் மனைவியும் ஒரு பழக்கத்துக்கு வந்திருந்தோம். பிரேக்கிலிருந்து காலை எடுத்த நொடியிலேயே ஆக்சிலரேட்டரை ஓர் அழுத்து அழுத்துவோம். வண்டி எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

இரண்டாவது குறை ஏத்தத்தில். மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் வந்ததும், முன்னால் ஒரு லோடு லாரி போனால் போதும், கியர் மூன்றா நான்கா என்று தத்தளிக்க ஆரம்பித்துவிடும். நான்குக்கு ஏறும், இழுக்காது, மூன்றுக்கு இறங்கும், கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி நான்குக்கு ஏறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லோர் தலையும் முன்னால் போய்ப் பின்னால் வரும். பேத்திக்கு அந்த இடத்தில் வாந்தி வரும். பாலிதீன் பை எடுத்து வைத்துக்கொண்டுதான் கிளம்புவோம்.

இதை ஒவ்வொரு சர்வீசிலும் சொன்னேன். மூன்று தடவை, மூன்று வெவ்வேறு ஆட்கள், ஒரே பதில்: "ஏஎம்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்." நாலாவது தடவை, வாரண்டி முடிந்த பிறகு, "கிளட்ச் போயிருச்சு சார்" என்றார்கள். மாற்றினோம். 14,000 ரூபாய் ஆனது. இரண்டு மாதம் நன்றாக இருந்த மாதிரி தோன்றியது, அப்புறம் பழையபடிதான்.

கேட்டில் மோதிய பிறகு, ஆக்சிலரேட்டரில் ஏதோ கோளாறு என்று நினைத்துத் திங்கட்கிழமை வண்டியைக் கொண்டுபோனேன். சர்வீஸ் பேயில், அதாவது வண்டியை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்தில், இருக்கும் ஒரு தம்பி வந்து பார்த்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதுக்கு வெள்ளிக்கிழமை கியர் அப்டேட் போட்டிருக்கோம். பிரேக்கை விட்டதும் வண்டி தானா ஊரணும்னு புதுசுல மாத்தியிருக்காங்க. நீங்க பழைய ஞாபகத்துல ஆக்சிலரேட்டரையும் சேத்து மிதிச்சிருப்பீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வெள்ளிக்கிழமை ராத்திரி யாராவது சொல்லியிருந்தால் எங்கள் கேட் நேராக இருந்திருக்கும்.

"இந்த அப்டேட் எப்ப வந்துச்சு தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ரெண்டு வருஷமா நிக்குதுங்கய்யா" என்றார். நான் கிளட்ச் மாற்றியது அதற்குப் பிறகு. அந்தக் கிளட்ச் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா, கம்ப்யூட்டர் அதைச் சரியாகப் பிடிக்கத் தெரியாமல் விழித்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பழைய பிளேட் காயலான் கடைக்குப் போய்விட்டது.

அந்தத் தம்பியை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பயந்து மறைக்காமல் சொன்னார். கூடவே, அடுத்த பேயில் அதே மாதிரி வண்டி ஒன்றுக்கு அப்டேட் போட்டுக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்க்க விட்டார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது, பதினாறு துளை கொண்டது. அதில் ஒரு வயர், வயரின் மறுமுனையில் லேப்டாப். பானட்டைத் திறந்து பேட்டரியில் சார்ஜரைக் கவ்வ வைத்திருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கிப் பாதியில் நின்றுவிட்டால் கம்ப்யூட்டர் அப்படியே செத்துப்போகும், வண்டி கியரே எடுக்காது, புதுசு வாங்கித்தான் மாட்ட வேண்டும் என்றார். அதனால்தான் ஏசி, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வோல்ட் இறங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். லேப்டாப் திரையில் பச்சைக் கோடு ஒன்று பைய நகர்ந்துகொண்டிருந்தது. முழுசும் முடிய அரை மணி நேரத்துக்கு மேலே ஆனது.

அதோடு முடியவில்லை. அப்புறம் 'லேர்னிங்' என்று ஒன்று. இன்ஜினை ஓட விட்டு, லீவரை நியூட்ரலில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி திரையில் வரும் வரிசைப்படி செய்தார். வண்டிக்கு அடியிலிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது, ஒவ்வொரு கியரும் எங்கே போய் உட்காருகிறது என்று கம்ப்யூட்டர் தானே தடவிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறதாம். இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைக் கண்டுபிடிக்கிற மாதிரி. இதைச் செய்யாமல் விட்டால் புது சாஃப்ட்வேர் போட்டும் ஜர்க் போகாது என்றார். எங்கள் வண்டிக்கு வெள்ளிக்கிழமை இதைச் செய்தார்களா என்று கேட்டேன். "தெரியலைங்கய்யா, எழுதலையே" என்றார். மறுபடியும் செய்து கொடுத்தார்.

இந்த இடத்தில், ஏஎம்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்காகவும் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நாங்கள் என்ன கேட்கிறோம் என்பது அப்போதுதான் புரியும். ஏஎம்டி என்பது அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் பிளேட் அதேதான், பல்சக்கரங்களும் அதேதான். கால் செய்யும் கிளட்ச் வேலையையும் கை செய்யும் கியர் வேலையையும் ஆக்சுவேட்டர்கள் செய்கின்றன. சில வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால், சிலவற்றில் மின் மோட்டாரால். எப்போது, எவ்வளவு வேகத்தில் செய்ய வேண்டும் என்று உத்தரவு போடுவது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், வண்டி என்ன வேகத்தில் போகிறது, இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறது, பிரேக்கில் கால் இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து அது முடிவெடுக்கும். முடிவெடுத்ததும் இன்ஜினின் இழுவையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும், கிளட்சைப் பிரிக்கும், கியரை மாற்றும், கிளட்சை மறுபடி சேர்க்கும். சேர்ப்பதில் அவசரப்பட்டால் ஜர்க், தாமதித்தால் வண்டி தொங்கும். மனிதன் இதைக் கால் விரலின் உணர்வில் செய்கிறான். கம்ப்யூட்டர் ஓர் அட்டவணையைப் பார்த்துச் செய்கிறது.

அந்த அட்டவணையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: நான்காவது கியருக்கு ஏற 42 கி.மீ. வேகம், மூன்றுக்கு இறங்க 38 கி.மீ. என்று வைத்திருந்தால், கணவாயில் லாரிக்குப் பின்னால் 40-ல் போகிறவன் பாடு திண்டாட்டம். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி போதாது. இடைவெளியைக் கூட்டினாலோ, ஏத்தம் என்று உணர்ந்ததும் கீழ்க் கியரிலேயே நில் என்று ஒரு விதி சேர்த்தாலோ தத்தளிப்பு நின்றுவிடும். ஒரு நட்டுகூடக் கழற்ற வேண்டியதில்லை. எண்களை மாற்றி எழுதினால் போதும். 'அப்டேட்' என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஃபேக்டரியிலேயே இதைச் சரியாக வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். கொஞ்சம் படித்த பிறகு எனக்கு ஒரு நியாயம் புரிந்தது. மைலேஜ் சோதனையை மேடு பள்ளம் உள்ள ரோட்டில் செய்வதில்லை. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, இந்தியாவுக்கென்று வகுத்த ஓட்டுச் சுழற்சிப்படி ஓட்டுகிறார்கள். அதில் உச்ச வேகம் 90 கி.மீ. கணவாய் கிடையாது, கோரிப்பாளையம் நெரிசல் கிடையாது, சித்திரை மாத வெயில் கிடையாது. சீக்கிரமே மேல் கியருக்குப் போகிற வண்டிக்கு பெட்ரோல் மிச்சம். அதனால் அப்படி வைக்கத்தான் தோன்றும். நிஜ ரோட்டில் ஓடி, நிஜ மனிதர்கள் புகார் சொன்ன பிறகுதான் திருத்தம் வரும். அதில் தப்பில்லை. திருத்துகிறார்கள் என்பதே நல்ல விஷயம். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் தல்லாகுளம் பக்கம் ஒரு மணி நேரம் ஊர்ந்துகொண்டே போகும்போது ஏஎம்டி கிளட்ச் எப்படிச் சூடாகும் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் முழுசாகக் கண்டுபிடித்துவிட முடியாது.

டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, இரட்டைக் கிளட்ச் என்று வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டிகளுக்கும் சங்கதி இதுதான். உள்ளே இருக்கும் இயந்திரம் வேறு, எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் வேறு. உத்தரவு போடும் கம்ப்யூட்டரும் அதன் அட்டவணையும் எல்லாவற்றிலும் உண்டு.

இப்போது என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தேன். லெட்ஜரில் ஓர் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரு கோடு போட்டு அடித்து, மேலே புதிய எண்ணை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். பத்து ரூபாய்க்கும் அப்படித்தான். அடித்தல் திருத்தல் இருந்தும் ஒப்பம் இல்லையென்றால் ஆடிட்டர் அந்தப் பக்கத்தைத் தாண்ட மாட்டார். திருத்தியது சரியா தப்பா என்பது அப்புறம். யார், எப்போது, எதை எதுவாக மாற்றினார் என்பது முதலில். ஆயிரம் கிலோ இரும்பு எப்படி நகர வேண்டும் என்று சொல்கிற எண்களை மாற்றுகிறீர்கள். ஒரு சுருக்கொப்பம் இல்லை.

என் அம்மாவுக்கு மதுரையில்தான் கண்புரை ஆபரேஷன் செய்தோம். முடிந்ததும் ஓர் அட்டை கொடுத்தார்கள். உள்ளே வைத்த லென்ஸ் எது, என்ன பவர், அதன் வரிசை எண் என்ன என்று லென்ஸ் பெட்டியிலிருந்து உரித்த ஸ்டிக்கரை அதில் ஒட்டியிருந்தார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கொடுத்தார்கள், எப்போதாவது இன்னொரு டாக்டர் பார்க்க நேர்ந்தால் உதவும் என்று. அந்த அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது.

நீங்கள் ஏன் எழுதுவதில்லை என்றும் விசாரித்தேன். இரண்டு காரணம் சொன்னார்கள். வாடிக்கையாளரிடம் காசு வாங்காத வேலை பில்லில் ஏறாது என்பது ஒன்று. எழுதிக் கொடுத்தால் "அப்ப இவ்வளவு நாள் வண்டியில குறை இருந்துச்சா" என்று சண்டைக்கு வருவார்கள் என்பது இன்னொன்று. முதல் காரணம் சின்ன விஷயம். சைபர் ரூபாய் என்று போட்டு எழுதலாம். இரண்டாவதுதான் என்னை வருத்துகிறது. குறையைத் திருத்தியவர் ஏன் ஒளிய வேண்டும்? "உங்கள் வண்டியின் கியர் மாற்றத்தை இன்னும் மென்மையாக்க ஒரு திருத்தம் வந்திருக்கிறது, இலவசமாகப் போட்டிருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் நான் அந்த மேசைக்கு எதிரே நின்று கைகூப்பியிருப்பேன். ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தானே.

ஏனென்றால் அப்டேட் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. லேர்னிங் செய்த அடுத்த ஞாயிறு தேனிக்குப் போனோம். கணவாயில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். கியர் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. டாஷ்போர்டில் அந்த 3 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே போய், கோயில் தாண்டி, இறக்கம் ஆரம்பிக்கிற வரை மூன்றிலேயே நின்றது. பேத்தி பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பாலிதீன் பையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். டி.வி.எஸ். நகர் பாலத்திலும் வண்டி இப்போது பின்னால் இறங்குவதில்லை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுகிறவருக்கோ ரோட்டில் போகிறவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு விளைவிக்கக்கூடிய குறை இருந்தால் வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்ல மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. கியர் ஜர்க்கை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அதனால் இந்த மாதிரித் திருத்தங்கள் அறிவிப்பு இல்லாமல் சர்வர்களில் கிடக்கின்றன, யாராவது ஸ்கேனரை மாட்டும்வரை. ஆனால் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கும் பொருளையும் சேவையையும் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்கிறது. கார்களின் சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கென்றே ஐ.நா. அமைப்பின் கீழ் ஒரு விதி 2021-லிருந்து இருக்கிறது, 156-ஆம் எண் விதி. இணையம் வழியாக வண்டிக்கு அப்டேட் அனுப்புவதாக இருந்தால், எதற்காக, வண்டியின் செயல்பாட்டில் என்ன மாறும், எவ்வளவு நேரம் ஆகும் என்று உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. இந்தியாவை அது கட்டுப்படுத்தாது, எனக்குத் தெரியும். காற்று வழியாக வருவதற்கே அங்கே சொல்கிறார்கள். இங்கே எங்கள் வண்டியைச் சாவியோடு உங்கள் கையில் கொடுத்துவிட்டு வருகிறோம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொன்னார்கள். குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வசதிதான். ஆனால் கேட்டை நிமிர்த்த ஆகும் கூலியோ 14,000 ரூபாயோ திரும்ப வேண்டும் என்று நான் இதை எழுதவில்லை.

நான் கேட்பது இதுதான். அப்டேட் போட்டால் ஜாப் கார்டில் ஒரு வரி எழுதுங்கள்: பழைய சாஃப்ட்வேர் எண், புதிய எண், லேர்னிங் செய்தாயிற்றா, போட்டவர் கையெழுத்து. வண்டியை ஒப்படைக்கும்போது, ஓட்டும் பழக்கம் எதாவது மாறுமா என்பதை வாயால் சொல்லுங்கள். பிரேக்கை விட்டதும் நகரும் என்றால் "நகரும், ஆக்சிலரேட்டரை உடனே தொடாதீங்க" என்று சொல்லுங்கள். வீட்டில் வேறு யார் ஓட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பல வீடுகளில் சர்வீசுக்குக் கொண்டுவருகிறவர் ஒருவர், தினம் ஓட்டுகிறவர் இன்னொருவர். அப்புறம், ஏஎம்டி ஜர்க் என்று யாராவது சொன்னால், "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்வதற்கு முன்னால் ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள். கிளட்ச் மாற்றச் சொல்வதற்கு முன்னால் கட்டாயம் பாருங்கள். முடிந்தால் உரிமையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மேம்பாலம் ஏறி இறங்கிக் காட்டுங்கள். காளவாசலில் ஒன்று இருக்கிறது, நத்தம் ரோட்டில் நீளமாக ஒன்று இருக்கிறது. மதுரையில் மேம்பாலத்துக்குப் பஞ்சமில்லை.

கம்பெனிக்காரர்களிடம் தனியாக ஒன்று. எந்த வண்டி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சேஸிஸ் எண்ணின் 17 எழுத்தைத் தட்டினால் வண்டியின் ஜாதகமே உங்கள் திரையில் வருகிறது. இன்ஷூரன்ஸ் முடிகிறது என்று மாதத்துக்கு மூன்று மெசேஜ் அனுப்புகிறீர்கள், புது மாடல் வந்திருக்கிறது, பழையதை மாற்றிக்கொள்ளுங்கள் என்று போன் செய்கிறீர்கள். "உங்கள் வண்டிக்குக் கியர் திருத்தம் ஒன்று வந்திருக்கிறது" என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்ப முடியாதா? வாரண்டி முடிந்த வண்டிக்கும் அனுப்புங்கள். காசு ஆகும் என்றால் எவ்வளவு என்று சொல்லி அனுப்புங்கள். வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்கிறோம்.

நீங்கள் சொல்லாததால் நடக்கிற இன்னொரு காரியமும் இருக்கிறது. ஜர்க் தாங்க முடியாமல் சிலர் வெளியே போய், எங்கிருந்தோ இறக்கிய ஃபைலை லேப்டாப்பில் வைத்திருப்பவரிடம் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எந்த வண்டிக்காக எழுதிய ஃபைல், பேட்டரியில் சார்ஜர் மாட்டினாரா, எதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒருவரின் வண்டி நடுவில் நின்றுபோய், டோ வண்டியில் ஏறி உங்களைப் போன்ற ஒரு சென்டருக்குத்தான் வந்து சேர்ந்தது. அவருக்கு வேண்டியிருந்த அப்டேட் அங்கேயே இருந்திருக்கலாம்.

இந்த ஊருக்கு வண்டி வேலை புதிதில்லை. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொழில் தொடங்கியது இந்த மதுரையில்தான். உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் பஸ்ஸை ஓட்டிக் காட்டினார்கள். என் அப்பா அந்தக் கரி பஸ்ஸில் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அடுப்பை மூட்டி, வாயு வருகிறதா என்று பார்த்து, "இன்னும் பத்து நிமிஷம், இறங்கி நில்லுங்க" என்று கண்டக்டர் சொல்வாராம். எல்லோரும் இறங்கி நிற்பார்களாம். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பயணிக்குச் சொல்கிற வழக்கம் அன்றைக்கே இங்கே இருந்திருக்கிறது.

என் மனைவி மறுபடி ஓட்ட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ரேஸ் கோர்ஸ் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் கூட்டிப்போய், பிரேக்கை விடுவது, காத்திருப்பது, அப்புறம்தான் ஆக்சிலரேட்டர் என்று முப்பது நாற்பது தடவை பழகிக்கொண்டோம். இரண்டு பேரும்தான். ஆறு வருஷப் பழக்கத்தைக் கால் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வண்டியின் டாஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஐந்து பத்தி கோடு போட்டிருக்கிறேன்: தேதி, பழைய எண், புதிய எண், என்ன மாறும், கையெழுத்து. முதல் வரியை அந்தத் தம்பியே பேனா வாங்கி எழுதிக் கொடுத்தார். 'என்ன மாறும்' என்ற பத்தியில் "பிரேக்கை விட்டால் வண்டி நகரும்" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. ஆடி முடிந்ததும் அடுத்த சர்வீசுக்கு வருகிறேன். நோட்டு சீட்டின் மேலேயே இருக்கும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
பழங்காநத்தம், மதுரை.